அசேலியா: மேலே ஊற்றினால் போதாது, முக்கி எடுங்கள்

குன்னூருக்குக் குடிவந்த முதல் வருடம் இரண்டு அசேலியாச் செடிகளைச் சாகடித்தேன். மூன்றாவது செடி இந்த வருடமும் இலை தெரியாமல் பூத்திருக்கிறது. நடுவில் என்ன மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கும் பொருந்தும். சென்னைக்காரர்கள் மன்னிக்கவும். மொட்டு முதிர சில வாரக் குளிர் வேண்டும், அதை ஏசி ஈடுகட்டாது.

மண்

புளிப்பு மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 6 வரை. பக்கத்தில் தேயிலை நன்றாக வளர்கிறதா? அப்படியானால் உங்கள் மண்ணும் சரியாகத்தான் இருக்கும். நம் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு அசேலியாவுக்குச் சொந்தக்காரன், இரண்டும் ரோடோடென்ட்ரான் இனம். தொட்டிக்குப் பாதி இலைமக்கு, பாதி தென்னைநார்க் கழிவு போடுகிறேன். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள், உப்பு இருக்கும்.

நடுவது

வேர் ஆழமாகப் போகாது, மேலாகவே பரவும். அதனால் அகலமான, ஆழமில்லாத மண்தொட்டிதான் என் தேர்வு. தோட்டத்தில் நடுவதானால் வேர்க்கட்டி தரைமட்டத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். காலை வெயில், மதியம் நிழல் கிடைக்கும் இடம் பாருங்கள். சிமெண்ட் சுவரை ஒட்டி வேண்டாம், சுண்ணாம்பு கசியும். மேலே காய்ந்த இலை மூடாக்கு போட்டால் கொத்தவே தேவையில்லை. கொத்தினால் வேர்தான் அறுபடும்.

தண்ணீர் (நான் விழுந்த குழி)

முதல் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். தொட்டியின் அடியிலும் ஒழுகியது. ஆனாலும் இலை சுருண்டு கொட்டியது. கடைசியில் பிடுங்கிப் பார்த்தால், வேர்க்கட்டியின் வெளிப்புறம் ஈரம், உள்ளே மூக்குப்பொடி மாதிரி உலர்ந்த தூள்! நர்சரிக்காரர்கள் நடும் பீட் (சதுப்புநிலத்தில் மக்கிய பாசி) கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றுவதெல்லாம் ஓரமாக வழிந்துபோகும்.

செய்ய வேண்டியது இதுதான். வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டியோடு முக்குங்கள். மிதக்கும், கையால் அழுத்திப் பிடியுங்கள். குமிழி வருவது முழுக்க நிற்கும் வரை விடாதீர்கள். எனக்கு இருபது நிமிடம் ஆனது. அப்புறம் நன்றாக வடியவிடுங்கள், அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

ஈரமானி எல்லாம் வாங்காதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் மறுபடி வாளி.

வீட்டுக்குள்

வெளிச்சமான ஜன்னல், நேர்வெயில் படாமல். 10 முதல் 18 டிகிரி இருந்தால் பூ வாரக்கணக்கில் நிற்கும். டிவி மேலும் அடுப்பங்கரையிலும் வைத்தால் மொட்டு பழுப்பாகி உதிரும். பூ முடிந்ததும் வெளியே நிழலுக்கு மாற்றுங்கள்.

கவாத்து

பூ உதிர்ந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த வருட மொட்டையே வெட்டுவீர்கள்.

பிற்சேர்க்கை: இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது என்று மூன்று பேர் படம் அனுப்பியிருந்தார்கள். விசாரித்தால் இரண்டு பேர் போர்வெல் தண்ணீர், ஒருவர் அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் போட்டிருக்கிறார். ரோஜாவுக்குப் போடும் பழக்கம்! இவை எல்லாமே மண்ணின் புளிப்பைக் குறைக்கும், அப்புறம் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. கூரைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். உடனே தெம்பு வேண்டுமென்றால் செலேட் செய்த (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள) இரும்பைக் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

இன்னொருவர் கேட்டது: ஆடு தின்னலாமா? கூடவே கூடாது. இலை, பூ எல்லாமே விஷம், நாய்க்கும் பூனைக்கும்கூட. கவாத்து செய்த கிளைகளை வேலிக்கு வெளியே வீசாமல் குழிவெட்டிப் புதையுங்கள்.