ஒரே நாள் டிஜிட்டல் வெனீரா, லேப் வெனீரா: வெனீருக்காகப் பல்லைத் தேய்த்தெடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

முன்பல் கறைபட்டிருக்கிறது, ஓரம் உடைந்திருக்கிறது, நடுவில் இடைவெளி தெரிகிறது என்று மதுரையில் ஒரு பல் கிளினிக்கிற்குச் செல்பவருக்கு இப்போது இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, காலையில் சென்று மாலையில், பல்லின் மேல் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீருடன் வீடு திரும்பும் டிஜிட்டல் முறை. மற்றொன்று, அளவு எடுத்து லேபுக்கு அனுப்பி, ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒட்டிக்கொள்ளும் வழக்கமான முறை. இரண்டிலும் நல்ல வேலையும் உண்டு, மோசமான வேலையும் உண்டு. வேலை எத்தனை நாளில் முடிகிறது என்பதைவிட, பல்லில் கருவி படுவதற்கு முன்பே எவ்வளவு முடிவாகியிருக்கிறது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. அதனால்தான் இந்த விளக்கத்தின் பெரும்பகுதி தேய்ப்பதற்கு முந்தைய படிகளுக்கே செல்கிறது.

படி 1: வெனீர் உண்மையில் தேவையா என்று பாருங்கள்

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் ஓடு. அது பல்லைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்காமல் இருக்க, பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை பல்லின் எனாமலைத் தேய்த்து எடுக்கிறார்கள். எனாமல் மீண்டும் வளராது. மேல் முன்பல்லில் ஈறு ஓரத்தில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது என்பதால், கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலும் உள்ளே இருக்கும் டென்டின் வெளிப்பட்டுவிடும். வெனீர் எனாமலில்தான் உறுதியாக ஒட்டும். டென்டினில் பிடிப்பும் குறைவு, பல் கூச்சமும் அதிகம்.

நம் பக்கத்தில் இதைத் தனியாகக் கவனிக்க ஒரு காரணம் உண்டு. மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் பல ஆண்டுகள் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் சுண்ணாம்புத் திட்டுகளும் பழுப்புக் கறையும் காணப்படுகின்றன. இலேசான கறைக்கு வெனீர் வரை போக வேண்டியதில்லை. மேற்பரப்பை மிகச் சிறிதளவே சுரண்டும் மைக்ரோ அப்ரேஷனும், அதனுடன் பல் வெண்மையாக்கும் சிகிச்சையும் பலருக்குப் போதுமானவை, செலவும் குறைவு. இவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எடுத்த எடுப்பில் பத்துப் பல்லுக்கு வெனீர் என்று சொல்லும் இடத்தில், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிடுவது நல்லது. கீழவெளி வீதியில் உள்ள சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

படி 2: வாயைத் தயார் செய்யுங்கள்

சொத்தை இருந்தால் அடைக்க வேண்டும், ஈறில் இரத்தம் கசிந்தால் க்ளீனிங் செய்து ஈறு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற பற்களை வெண்மையாக்கிக்கொள்ள விரும்பினால் அதை முதலில் முடித்துவிட்டு, வெனீர் ஒட்டுவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். வெண்மையாக்கும் மருந்திலிருந்து பல்லுக்குள் தங்கும் ஆக்சிஜன், வெனீரை ஒட்டும் சிமென்டின் பிடிப்பைக் கெடுக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 3: "ஒரே நாள்" என்பதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பரப் பலகையில் ஒரே நாள் வெனீர் என்று எழுதியிருப்பது எல்லா இடத்திலும் ஒன்றையே குறிப்பதில்லை. பல்லை அடைக்கப் பயன்படும் காம்போசிட் பொருளை நேரடியாகப் பல்லின் மேல் கையால் படியவைத்து, வடிவம் கொடுத்து, பாலிஷ் செய்வதும் ஒரே நாளில் முடியும் வேலைதான். அதன் விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது; ஆனால் காபி, தேநீர், வெற்றிலைக் கறையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பீங்கான் அளவுக்கு நாள்படப் பளபளப்பாக இராது. ஆகவே "காம்போசிட்டா, செராமிக்கா (பீங்கானா)? அதைக் கடைந்தெடுக்கும் மில்லிங் மெஷின் கிளினிக்கிலேயே இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள்.

செராமிக் துண்டை நோயாளியின் நாற்காலி அருகிலேயே கடைந்து எடுக்கும் இந்த முறை புதிதன்று. சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன், மார்கோ பிராண்டெஸ்டினி ஆகியோர் உருவாக்கிய செரெக் கருவியால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது 1985-இல்.

படி 4: ஷேடும் மாதிரியும்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஷேடு, அதாவது வெனீருக்கான நிறச் சாயல், பார்ப்பது வேலையின் தொடக்கத்திலேயே, பல் ஈரமாக இருக்கும்போது நடக்க வேண்டும். வாயைத் திறந்தபடி சில நிமிடங்கள் இருந்தாலே பல் உலர்ந்து, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியத் தொடங்கிவிடும். அப்போது தேர்ந்தெடுத்த ஷேடு மறுநாள் பக்கத்துப் பல்லோடு ஒட்டாது. உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில், ஷேடு மாதிரிகளைப் பல்லின் அருகே வைத்துப் பாருங்கள். திருமணப் புகைப்படத்திற்காக இருப்பதிலேயே வெள்ளையான ஷேடைக் கேட்பவர்கள் பலர். கண்ணின் வெண்மையையும் தாண்டி வெளுத்த பல், மண்டபத்து விளக்கில் பல்லாகத் தெரியாமல் பொருத்தியதாகத்தான் தெரியும். என்னைக் கேட்டால் ஒன்றிரண்டு படி குறைத்துக்கொள்வதே அழகு.

அடுத்தது மாக்-அப். உங்கள் பல் அளவின் மேல் மெழுகிலோ கணினியிலோ புதிய வடிவத்தை அமைத்து, அதிலிருந்து ஓர் அச்சு செய்து, தற்காலிக ரெசினால் அந்த வடிவத்தைத் தேய்க்கப்படாத உங்கள் பற்களின் மேலேயே ஏற்றிக் காட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். "வ" என்ற எழுத்தைச் சொல்லும்போது மேல்பல்லின் நுனி கீழுதட்டின் உள்விளிம்பை மெல்லத் தொட வேண்டும். அழுத்தினால் பல் நீளம் அதிகம். சிரித்துப் பாருங்கள், பக்கவாட்டில் படம் எடுங்கள், வீட்டாரிடம் காட்டுங்கள்.

வழக்கமான முறையில் தற்காலிக வெனீருடன் ஒரு வாரமோ இரண்டு வாரமோ பழகும் காலம் தானாகவே கிடைக்கிறது. நீளம் பிடிக்கவில்லை என்றால் லேபுக்குச் சொல்லி மாற்றலாம். ஒரே நாள் முறையில் அந்த அவகாசம் இல்லை. ஆகவே ஒரே நாள் முறையைத் தேர்ந்தெடுப்பவர் மாக்-அப்பை வேறொரு நாளில், குறைந்தது ஒரு வாரம் முன்னதாகவே பார்த்துவிட வேண்டும். இதற்கு உடன்படாத கிளினிக்கில் நான் பல்லைத் தேய்க்கச் சொல்லமாட்டேன்.

படி 5: தேய்த்தலும் தயாரிப்பும்

மரத்துப்போகும் ஊசி போட்டபின், ஒப்புக்கொண்ட மாக்-அப்பின் வழியாகவே ஆழம் குறிக்கும் கருவியைச் செலுத்தித் தேய்ப்பது நல்ல பழக்கம். அப்போது தேவையான இடத்தில் தேவையான அளவு மட்டுமே எனாமல் போகும். இதுவரை இரண்டு முறைகளும் ஒன்றுதான்.

ஒரே நாள் முறையில், பேனா வடிவ ஸ்கேனரை வாய்க்குள் நகர்த்தி முப்பரிமாணப் படம் எடுத்து, திரையில் வெனீரை வடிவமைத்து, செராமிக் கட்டியை மெஷினில் பொருத்துகிறார்கள். லித்தியம் டைசிலிக்கேட் என்ற செராமிக் வகையின் கட்டியைப் பார்ப்பவர்கள் முதலில் சற்றுத் திகைப்பார்கள், ஏனெனில் அது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அந்த நிலையில் அது முழு வலிமை பெறாதது, அதனால் கடைவது எளிது. கடைந்தெடுத்த வெனீரை உலையில் ஏறத்தாழ 850 பாகை செல்சியஸில் சுடும்போதுதான் படிகங்கள் வளர்ந்து வலிமை கூடி, பல்லின் நிறமும் வருகிறது. ஒரு வெனீரைக் கடைய ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு சாயம் தீட்டல், சூளை, பாலிஷ் என்று கணக்கிட்டால், இரண்டு பல் வேலை மதிய உணவுக்குள் முடியலாம். எட்டுப் பல் என்றால் நாள் முழுவதும் நாற்காலிதான்.

லேப் முறையில் அளவு அச்சாகவோ ஸ்கேனாகவோ டெக்னீஷியனிடம் செல்கிறது. அவர் செராமிக் பொடியைக் குழைத்து அடுக்கடுக்காக ஏற்றிச் சுடுகிறார், அல்லது மெழுகில் வடித்து, உருக்கிய செராமிக்கை அச்சில் அழுத்துகிறார். நுனியில் தெரியும் நீலங்கலந்த கண்ணாடித்தன்மை, நடுவில் மெல்லிய வெண்கோடுகள் ஆகியவை கைவேலையில் உள்ளிருந்தே வருகின்றன. கட்டியில் கடைந்ததற்கு அவற்றை மேலே தீட்டித்தான் கொண்டுவர வேண்டும். இடைப்பட்ட நாட்களில் தற்காலிக வெனீருடன் முறுக்கு, கடலை உருண்டை, நல்லி எலும்பு எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது; ஜிகர்தண்டாவின் குளிர்ச்சியும் கூசும்.

எனவே ஆறு பற்கள் ஒரே நிறத்தில் வேண்டும், வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ குறுகிய விடுப்பில் வந்திருக்கிறேன் என்பவருக்கு ஒரே நாள் முறை பொருந்தும். ஒற்றை நடுப்பல்லை மட்டும் பக்கத்துப் பல்லோடு இசைய வைக்க வேண்டும், அல்லது ஃப்ளோரைடால் வந்த அடர்ந்த கறையை மறைக்க வேண்டும் என்பவருக்கு, உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ இன்னொரு முறை பஸ் ஏற வேண்டியிருந்தாலும், தேர்ந்த டெக்னீஷியன் கைவைக்கும் லேப் வெனீரையே நான் பரிந்துரைப்பேன்.

படி 6: ஒட்டுதல்

ஒட்டுவதற்கு முன் நிறமுள்ள சோதனைப் பசையால் வெனீரைப் பல்லில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்; "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு இருக்கும் கடைசி வாய்ப்பு அது. பிறகு செராமிக்கின் உட்பக்கம் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தாலும் சைலேனாலும், எனாமல் பாஸ்பாரிக் அமிலத்தாலும் பக்குவப்படுத்தப்பட்டு, ரெசின் சிமென்ட் வைத்து ஒளியால் இறுக்கப்படுகிறது. எச்சிலோ இரத்தமோ பட்டால் பிடிப்புக் கெடும் என்பதால், பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டுவதற்கு அலுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: வீடு திரும்பும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

செராமிக்கின் பெயரும் ஷேடும் எழுதிய சீட்டு, மாக்-அப் முதல் மறுசீரமைப்பு வரை எல்லாம் பிரித்துக் காட்டிய பில், பல்லைக் கடிப்பவர் என்றால் இரவில் பல்லில் அணியும் காப்பு உறை (நைட் கார்டு), ஸ்கேன் கோப்பின் நகல் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். வெனீர் கழன்று விழுந்தால் ஃபெவிகுவிக் வைத்து நீங்களே ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பசை காய்ந்த உட்பக்கத்தைச் சுத்தம் செய்து மீண்டும் ஒட்டுவது கடினம். சிறு டப்பாவில் போட்டு, ஒரு துண்டுகூட விடாமல் கிளினிக்கிற்கு எடுத்துச் செல்லுங்கள். உடைந்திருந்தால், கோப்பு பத்திரமாக இருக்கும்வரை அதே வடிவத்தில் இன்னொன்றைக் கடைந்துகொள்ளலாம். இந்த ஒன்றில் டிஜிட்டல் முறைக்கே கை ஓங்கியிருக்கிறது. லேபில் கையால் அடுக்கியதை அச்சு அசலாக மறுபடி செய்வது அதைச் செய்த டெக்னீஷியனுக்கே எளிதன்று.