பழைய சீட்டும் புதிய நோயும்: மருந்து உண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர் எழுதித் தரும் சீட்டு, இன்னாருக்கு, இந்த நோய்க்கு, இத்தனை நாளைக்கு என்று அளந்து எழுதப்படுவது. நம் வீடுகளிலோ அது பீரோவில் பத்திரமாக இருந்து, அடுத்த காய்ச்சலின்போது மீண்டும் மருந்துக் கடைக்குப் போகிறது. அண்ணனுக்கு எழுதியது தங்கைக்கும் பயன்படுகிறது. மருந்துகளைத் தவறாக உண்பதில் பெரும்பகுதி இந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்குகிறது என்று கருதுகிறேன். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, மறுமுறையும் வழங்கலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தாலன்றி, சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்தை ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் கொடுக்கலாம். கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் அந்தச் சீட்டிலேயே குறிக்கவும் வேண்டும். அப்படிக் குறிக்கப்பட்ட சீட்டை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம் என்பது வேறு கதை.

பழைய சீட்டால் அதிகம் வாங்கப்படுபவற்றுள், பாக்டீரியாக் கிருமிகளை ஒழிக்கும் ஆன்டிபயாடிக்குகள் முக்கியமானவை. சாதாரணச் சளியும் ஃப்ளூ காய்ச்சலும் வைரஸால் வருபவை. அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ அவற்றை ஒன்றும் செய்யாது. "போன தடவை இதைப் போட்டதும் மூன்றே நாளில் சரியானது" என்பார்கள். போடாமல் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதே நாள்களில் சரியாகியிருக்கும். தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு முறையும் உடலிலுள்ள கிருமிகளுள் அந்த மருந்துக்கு அடங்காதவை தங்கிப் பெருகுகின்றன. வந்திருப்பது உண்மையிலேயே டைபாய்டாக இருந்தாலோ, முன்கூட்டியே போட்ட இரண்டு மாத்திரைகள் இரத்தப் பரிசோதனையில் கிருமி வளராதபடி செய்து நோயை மறைத்துவிடக்கூடும். செஃபிக்சைம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் முதல், கூடுதல் கட்டுப்பாட்டுடன் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் இருக்கின்றன. எழுதியவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டின்றி வாங்கக்கூடாதது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016இலேயே பிரசாரம் செய்தது.

சீட்டே இல்லாமல், கடையில் நோயைச் சொல்லி, அட்டையிலிருந்து வெட்டிக் காகித உறையில் போட்டுத் தரும் மாத்திரைகளை இரண்டு வேளைக்கு வாங்கி உண்பது இதனினும் மோசமானது, ஏனெனில் உண்டது என்னவென்று பின்னால் எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் தரப்படும் இத்தகைய கலவையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தால் வலி உடனே குறையும், சர்க்கரையோ ஏறும். பல மாதம் உண்டு திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். டெங்கு பரவும் மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவற்றைத் தாமாக உண்பது இரத்தக்கசிவுக்கு வழி செய்யும்; பாராசிட்டமாலை உரிய அளவில் உண்பதே அப்போது பாதுகாப்பானது.

தோலுக்குப் பூசும் களிம்பை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. தொடை இடுக்கில் வரும் படர்தாமரைக்கு, ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கிப் பூசினால் அரிப்பு அன்றே அடங்குகிறது. ஆனால் தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அடக்கிவிடுவதால் பூஞ்சை தடையின்றிப் படர்கிறது. நிறுத்தியதும் அரிப்பு திரும்பும், மீண்டும் அதே களிம்பு வாங்கப்படும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தொற்றும். வட்டமாகத் தெரியவேண்டிய படை உருமாறிப் போவதால் தோல் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. நிறம் வெளுக்கும் என்று பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் மாதக்கணக்கில் பூசுவோருக்குத் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரிகிறது.

தவறு முழுவதும் நோயாளியுடையது அன்று. ஐந்து நாள் ஆன்டிபயாடிக்குடன் எழுதிய, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை எப்போது நிறுத்துவது என்று சொல்லாமல் விடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அது "கேஸ் மாத்திரை" என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, பி12 சத்தையும் மக்னீசியத்தையும் குறைக்கக்கூடும். ஊசி போடாத மருத்துவரைக் கைராசி இல்லாதவர் என்று ஒதுக்கும் நம் வழக்கமும் அவர்களை அதிகம் எழுதத் தூண்டுகிறது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவது எதிர்ப்பக்கத்துத் தவறாகும். அவை தொடர்ந்து உண்ணவேண்டியவை. தூக்கத்துக்கு அல்பிரசோலம் உண்டு பழகியவர்களும் சட்டென்று நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முதியவர்கள் இதய மருத்துவர், எலும்பு மருத்துவர் என்று தனித்தனியே பார்க்கும்போது ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. அழுத்தத்துக்கு எனாலபிரிலும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் உண்பவர் அவற்றுடன் வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகம் பழுதாகலாம். வெவ்வேறு பெயர்களில் இரண்டு அட்டைகளில் வந்த பாராசிட்டமால் ஒரே நாளில் உள்ளே போவதும் நடக்கிறது. ஆகவே சீட்டுகளை மட்டும் எடுத்துச் செல்லாமல், வீட்டிலுள்ள அட்டைகள், களிம்புகள், நாட்டு மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டி, ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் நிறுத்துவது என்று சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்கலாம்.