இரண்டாவது உருண்டை: கஞ்சா உடலில் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிடும் முறை

டிக்கோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், தீபாவளியன்று மாலை 6.10க்கு, என் தங்கையின் கணவர் கடதாசியில் சுற்றியிருந்த, கஞ்சா கலந்த இனிப்பான மதனமோதக உருண்டை ஒன்றை வாயில் போட்டார். மத்தியானம் சாப்பிட்ட ஆட்டுக்கறி இன்னும் வயிற்றில் கனத்துக்கொண்டிருந்தது. 7 மணிக்கு, “இது வெறும் சீனியும் கறுவாவும்தான் மச்சான், கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்று சொல்லி இரண்டாவது உருண்டையையும் விழுங்கினார். 8 மணி தாண்டியபோது லயத்து வாசற்படியில் உட்கார்ந்து, தன் நெஞ்சு அடிக்கும் சத்தம் பக்கத்துக் காம்பரா வரை கேட்கிறது என்றார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், நிமிடத்துக்கு 128. அப்போது ஏறிக்கொண்டிருந்தது முதலாவது உருண்டை மட்டும்தான்.

அந்த இரவில் நான் பழைய கொப்பி ஒன்றில் குறித்துவைத்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் கஞ்சாவைக் கைவசம் வைத்திருப்பதே குற்றமாகும். ஆயுர்வேத மருந்துகளுக்கு அரசின் கட்டுப்பாட்டில் விலக்கு உண்டு. பெட்டிக்கடைகளில் மறைவாக விற்கப்படும் உருண்டைகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. சிவனொளிபாத மலைப் பருவத்தில் ஹட்டன் பாதையில் மோப்ப நாய்களுடன் பொலிசார் நிற்பதை நம்மவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எவரையும் தொடங்கச் சொல்லி இதை எழுதவில்லை. தொடங்கிவிட்டவரும், அவரருகில் இருப்பவரும் நேரத்தைத் தவறாகக் கணக்கிடக் கூடாது என்பதே என் நோக்கம்.

படி 1: புகைத்ததா, உண்டதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

புகையில் உள்ள, போதையைத் தரும் டிஎச்சி என்னும் பொருள் நுரையீரலிலிருந்து நேரே இரத்தத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் போவதால், சில நிமிடங்களில் உணரப்பட்டு, ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் உச்சத்தைத் தொட்டு, 2 முதல் 4 மணித்தியாலத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். உண்டதன் பாதை வேறு. அது இரைப்பையையும் குடலையும் கடந்து ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதன் ஒரு பகுதியை, மூளைக்குள் எளிதில் நுழைகின்ற, வீரியமான வேறொரு வடிவமாக மாற்றி அனுப்புகிறது. ஆகவே தொடக்கத்துக்கே 30 நிமிடம் முதல் 2 மணித்தியாலம் வரை செல்லும். உச்சம் 2 முதல் 4 மணித்தியாலத்துக்குள் வரும். முழுவதும் இறங்குவதற்கு 8 மணித்தியாலமோ, சிலருக்கு 12 மணித்தியாலமோ ஆகலாம். வயிறு நிறைய உண்டிருந்தால் தொடக்கம் இன்னும் பிந்தும். மைத்துனரை ஏமாற்றியது கடைக்காரன் அல்ல, ஆட்டுக்கறி.

படி 2: நேரத்தை எழுதிவையுங்கள்.

மனதில் வைத்திருந்தால் போதாது. கஞ்சா முதலில் குழப்புகின்றவற்றுள் ஒன்று நேர உணர்வு. ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமாக நீளும். எடுத்தவர் “ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது, ஒன்றும் இல்லை” என்று சொல்லும்போது கடிகாரம் 25 நிமிடத்தைக் காட்டக்கூடும். எனவே எடுத்த நேரம், எடுத்த அளவு, கடைசியாக உண்ட நேரம் ஆகிய மூன்றையும் தாளில் எழுதி, எதையும் எடுக்காத ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஒருவர் கூட இல்லாத இரவு, தொடங்குவதற்கு ஏற்ற இரவு அல்ல.

படி 3: காத்திருங்கள்.

எல்லாத் தவறுகளும் நடப்பது இந்தப் படியில்தான். கஞ்சா உணவு சட்டபூர்வமாக விற்கப்படும் கனடாவில், ஒரு பொதிக்குள் 10 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி இருக்கக்கூடாது என்று விதி உண்டு. அங்கே புதியவருக்கு 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று சொல்கிறார்கள். நம் ஊர் உருண்டையில் எந்த எண்ணும் அச்சிடப்பட்டிருக்காது. ஒரே கடதாசிப் பையிலிருந்து எடுத்த இரண்டு உருண்டைகளே ஒன்றுபோல் இருக்கும் என்று நம்ப முடியாது. கேரள கஞ்சா என்று சொல்லி விற்கப்படும் இலையின் வீரியமும் அப்படித்தான். அளவு தெரியாத இடத்தில் நம் கையில் மிஞ்சுவது நேரம் ஒன்றுதான். புகைப்பவர் ஒரு முறை இழுத்துவிட்டு, குறைந்தது 15 நிமிடமாவது கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். உண்பவர் சிறு துண்டோடு நிறுத்தி, அந்த இரவில் இரண்டாவது துண்டைத் தொடாமலே இருக்க வேண்டும். இரண்டு மணித்தியாலம் கழித்து எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு; ஆனால் உச்சமே நான்காவது மணித்தியாலத்தில் வரக்கூடிய ஒன்றுக்கு அந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

சாராயத்தைச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் மதுபானம் இரத்தத்தில் டிஎச்சியின் அளவை உயர்த்தும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், மூளை வளர்ச்சி முடியாத இளவயதினர் ஆகியோருக்கு இந்த விளக்கத்தின் எந்தப் படியும் பொருந்தாது. அவர்கள் தொடாமல் இருப்பதே சரி.

படி 4: கூடிப்போனால் செய்ய வேண்டியவை.

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடலாம், வாய் வறளும், கை குளிரும், செத்துவிடுவேன் என்ற பயம் வரும். ஆரோக்கியமான வயதுவந்தவருக்கு இந்தப் பயம் பெரும்பாலும் நேரத்தோடு இறங்கிவிடும். திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம் என்பதால், லயத்துப் படிகளில் தனியே நடக்க விடாமல், உள்ளே கூட்டிச்சென்று, கம்பளியால் போர்த்தி, சுவரில் சாய்த்து உட்காரவைக்க வேண்டும். தூங்கினால் ஒருக்களித்துப் படுக்கவிட வேண்டும். நம் வீடுகளில் எந்த நோவுக்கும் முதல் மருந்து பிளேன்டீதான். ஆனால் ஏற்கெனவே ஓடுகின்ற இதயத்தைத் தேயிலை இன்னும் விரட்டும் என்பதால், நான் சீனி போட்ட வெந்நீரைத்தான் கொடுத்தேன். எலுமிச்சம்பழச் சாற்றை வாயில் ஊற்றுவதாலோ, குளிர்ந்த நீரைத் தலையில் கொட்டுவதாலோ ஏறியது இறங்காது. தாளைக் காட்டி, “இப்போது 9.20, நீங்கள் எடுத்தது 6.10, இது உச்சம், இனி இறங்கும்” என்று கால் மணித்தியாலத்துக்கு ஒரு முறை சொன்னதே அவருக்கு உதவியது. இரண்டாவது உருண்டையின் உச்சம் பின்னால் வந்தபோது அவர் பயப்படவில்லை, ஏனென்றால் அதன் நேரமும் தாளில் இருந்தது.

நெஞ்சுவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத நிலை, நில்லாத வாந்தி, இல்லாததைப் பார்த்து ஆத்திரப்படுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் வண்டி வேறு டிவிஷனுக்குப் போய்விடும். டிவிஷன் பெயரையும், வண்டி திரும்பக்கூடிய சந்தியையும் சேர்த்துச் சொல்லி, டோர்ச்சுடன் ஒருவரைப் பாதைக்கு அனுப்புங்கள். இனிப்பென்று நினைத்துப் பிள்ளை ஒன்று உருண்டையைத் தின்றிருந்தால், அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன தின்றது என்பதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

படி 5: மறுநாளையும் கணக்கில் சேருங்கள்.

புகைத்தவர் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கும், உண்டவர் 8 மணித்தியாலத்துக்கும் வாகனம் ஓட்டக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. நம் கொண்டை ஊசி வளைவுகளையும் மூடுபனியையும் பார்த்தால், ஓர் இரவு முழுவதும் தூங்கி எழுந்த பிறகும் பொறுத்திருப்பது நல்லது. மைத்துனரின் ஆட்டோச் சாவியைத் தங்கை சேலை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். மறுநாள் பின்னேரம்தான் அவிழ்த்துக் கொடுத்தாள்.

படி 6: வாரங்களையும் எண்ணுங்கள்.

தினமும் எடுப்பவருக்கு மூளையில் டிஎச்சி பற்றிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகள் மந்தமாகி, அதே உணர்வுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். நிறுத்தினால் அவை சில நாட்களில் மீளத் தொடங்கி, ஏறத்தாழ 4 வாரத்தில் வழமைக்கு வருகின்றன. இடையில் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை ஆகியவை முதலாம் வாரத்தில் கடுமையாக இருந்து, இரண்டு மூன்று வாரங்களில் தணியும். இடைவெளி விட முடியாமல் தவிப்பவர் அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பேசலாம். டிஎச்சி கொழுப்பில் தங்குவதால், ஒரே ஒரு முறை எடுத்தவரின் சிறுநீரில்கூட அதன் எச்சம் சில நாட்களுக்குத் தெரியும். நாள்தோறும் எடுத்தவருக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் செய்யக் காத்திருக்கும் தம்பிமார், பரிசோதனைத் தேதியைக் கொப்பியில் முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்க்கட்டும்.