மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் மரவில், வீட்டுப் பட்டறையில்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் கப்சாய் மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு ஐந்தரை அடி வில் பெரிய தொல்லை. முதுகில் கட்டினால் காற்று இழுக்கும், பக்கவாட்டில் கட்டினால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். அதனால்தான் நான் கழற்றி மாட்டுகிற வில்லுக்கு மாறினேன். பிடிக்கிற நடுக்கட்டை ஒன்று, அதன் இரு பக்கமும் வளைகிற கை இரண்டு, போல்ட்டைக் கழற்றினால் மொத்தமும் இரண்டரை அடிப் பையில் அடங்கிவிடும். ஃபைபர் கிளாஸ் எதுவும் இல்லாமல், மூங்கிலும் மரமும் மட்டும் வைத்து, நாணை 28 அங்குலம் இழுக்கும்போது 35 பவுண்டு இழுவை வருகிற ஒரு வில்லை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்கிறேன். முதல் வில்லுக்கு அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

இரண்டு சொல்லை முதலில் பழகிக்கொள்ளுங்கள். வில்லைப் பிடித்து நிற்கும்போது எதிரே இலக்கைப் பார்க்கிற பக்கம் முதுகு, நம்மைப் பார்க்கிற பக்கம் வயிறு. இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. மூங்கிலின் தோல் பக்கம் நீட்சியைத் தாங்குவதில் கெட்டி, அதனால் அது முதுகுக்கு. வயிற்றுக்குக் கனமான மரம் வேண்டும், நான் பாலாவ் போடுகிறேன். வீட்டு முகப்புக்குத் தரைப்பலகை போடுகிற இடங்களில் அதன் மிச்சத் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நரம்பு ஓட்டம் நேராக இருக்கிற துண்டாகப் பொறுக்குங்கள். ஓட்டம் பாதியில் பலகையின் ஓரத்தை விட்டு வெளியே போகிறது என்றால் அந்தத் துண்டு விறகுக்குத்தான்.

நடுக்கட்டைக்கு நான் வேறு எதையும் தேடுவதில்லை, கித்தா மரம்தான், அதாவது ரப்பர் மரம். எங்கள் பாட்டி விடியற்காலையில் எழுந்து போய்ப் பால் வெட்டிய மரம். 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் வெட்டிச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள், அந்தப் பலகை மேசை நாற்காலித் தொழிற்சாலைக்குப் போகும். இழைத்தால் பால் நிறத்தில் வழவழவென்று வரும், பசையையும் நன்றாகப் பிடிக்கும். மருந்து ஏற்றாத கித்தா மரம் சீக்கிரம் உளுத்துப் போகும், நீலம் பூக்கும். அதனால் தோட்டத்தில் கிடக்கிற கட்டையைத் தூக்கி வராமல், தொழிற்சாலைக்கென்று மருந்து ஏற்றிக் காயவைத்த பலகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கித்தாப் பலகைக்கு நடுவில் கரும்பழுப்பு நிற மெர்பாவ் மரப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டினால் பார்க்கவும் அழகு, நடுக்கோடு எது என்று கண்ணுக்கும் எப்போதும் தெரியும்.

மூங்கிலில் பூலோ பெத்தோங் என்கிற கெட்டிச் சுவர் வகையை எடுங்கள். லெமாங் (மூங்கிலுக்குள் வேகவைக்கிற புளுட்டு அரிசிச் சோறு) சுடுகிற மூங்கிலின் சுவர் மெல்லியது, அது ஆகாது. மூன்று வயதுக்கு மேற்பட்ட தண்டாக இருக்க வேண்டும். பச்சை மங்கி, தோலில் வெள்ளைத் திட்டு படர்ந்திருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். இளசு வேண்டாம். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்கு வண்டு வரும். பிளந்த பட்டைகளைப் போராக்ஸ் கலந்த தண்ணீரில் சில நாள் ஊறவைத்து எடுத்தால் வண்டு பயம் குறையும்.

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஈரம். நம் ஊர்க் காற்றில் மரத்தை எத்தனை மாதம் நிழலில் அடுக்கி வைத்தாலும் அதன் ஈரம் பெரும்பாலும் 14, 15 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். வில்லுக்கு 8 முதல் 10 வரைதான் இருக்கலாம். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த முறையை அப்படியே பின்பற்றினால் இந்த இடத்தில்தான் நாம் தோற்போம். என் முதல் வில் நாண் ஏற்றிய மூன்றாம் நாளே இரண்டு கையும் வயிற்றுப் பக்கம் வளைந்தபடியே நின்றுவிட்டது, ஒரு வாரத்தில் மூங்கில் பட்டை பசையை விட்டு வாய் பிளந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "காஞ்சிருச்சுண்ணே, தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஒட்டினேன்" என்றேன். "மரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லாத தம்பி, தராசுல வச்சுப் பார்த்துச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான். பழைய பிளைவுட்டில் மூன்றரை அடி நீளத்துக்கு ஒரு பெட்டி அடித்து, கீழே ஒரு சூட்டு விளக்கு வைத்து (கோழிக்குஞ்சுக்கு வைக்கிறார்களே, அது போதும்), மரத்தைக் கம்பி வலை மேல் அடுக்கி, மேலே விரல் நுழைகிற அளவுக்கு நாலு ஓட்டை போடுங்கள். உள்ளே 40 டிகிரி இருந்தால் போதும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற காற்று தானாகவே வறண்டுவிடும். விளக்குக்கும் மரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், வீட்டில் ஆள் இல்லாதபோது எரியவிடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு துண்டையும் சமையல் தராசில் நிறுத்து, பென்சிலால் அதன் மேலேயே எடையை எழுதுங்கள். முதல் நாட்களில் கிராம் கணக்கு மடமடவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் பசை டப்பாவைத் திறக்காதீர்கள்.

அளவுகள் இவை. நடுக்கட்டை 400 மில்லிமீட்டர் நீளம், 42 அகலம், 60 ஆழம். ஒவ்வொரு கையும் 740 நீளம், அதில் 90 மில்லிமீட்டர் நடுக்கட்டையின் மேல் உட்காரும். கூட்டிப் பார்த்தால் வில் மொத்தம் 1700 வரும். கையின் அகலம் அடியிலிருந்து பாதி வரை 42, பிறகு ஒரே சீராகக் குறைந்து நுனியில் 14. மூங்கில் பட்டை நடுவில் 3 மில்லிமீட்டர் கனம், பாலாவ் அடியில் 10, நுனியில் 7. மூங்கிலைக் கெட்டியாக விட்டால் நல்லது என்று தோன்றும், வேண்டாம். முதுகு அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் வயிற்று மரம் நசுங்கி, குறுக்கே மயிரிழை போல வரி விழும், அந்தக் கையைக் காப்பாற்ற முடியாது. மூங்கிலை உள்பக்கம் மட்டும் இழையுங்கள். தோலில் இழைப்புளி படக்கூடாது. கணு மேடுகளை லேசாகத் தேய்த்து உருட்டலாம், வெட்டித் தட்டையாக்கக் கூடாது.

மூங்கிலுக்கும் பாலாவுக்கும் நடுவில் அடிப்பக்கம் ஓர் ஆப்பு வேண்டும். 150 மில்லிமீட்டர் நீளம், ஒரு முனையில் 12 கனம், மறுமுனை காகிதம் போல ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். போல்ட் ஓட்டை இருக்கிற இடம் கொஞ்சம்கூட வளையக் கூடாது, அதற்குத்தான் இந்த ஆப்பு. இதன் மெல்லிய முனையில் படி தெரிந்தால் வில் அங்கேதான் ஒடியும். அதனால் இழைப்புளியை வைத்துவிட்டு, கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாளை விரித்து அதில் தேய்த்து முடியுங்கள்.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகுகிற இரண்டு பாகத்து எப்பாக்சி வாங்குங்கள், ஐந்து நிமிட வகை வேண்டாம். ஒட்டுகிற முகங்களை 80 எண் உப்புத்தாளால் கீறி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, பெட்டியிலிருந்து எடுத்த அதே மணி நேரத்துக்குள் ஒட்டிவிடுங்கள். மழை பெய்கிற சாயங்காலம் இந்த வேலை ஆகாது. ஈரக் காற்றில் எப்பாக்சியின் மேல் ஒரு பிசுபிசுப்பு படியும், மரமும் காயவைத்த ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். அச்சுக்கு நீண்ட நேர்க்கட்டை ஒன்றைச் சீவி, நுனிப் பக்கம் 25 மில்லிமீட்டர் முதுகை நோக்கிப் போகிற மாதிரி மெல்லிய வளைவு கொடுத்து, பசை பிடிக்காமல் இருக்க முழுக்கப் பிளாஸ்டிக் டேப் சுற்றிவிடுங்கள். இறுக்குவதற்கு இருபது கிளாம்ப் வாங்கக் காசு இல்லாவிட்டால் கவலை வேண்டாம். மோட்டார் பட்டறையில் தூக்கிப்போடுகிற பழைய டியூப்பை இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, கையையும் அச்சையும் சேர்த்து இழுத்து இழுத்துச் சுற்றுங்கள், அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழும். பக்கவாட்டில் பசை சின்னச் சின்ன மணியாக வரிசையாகப் பிதுங்கினால் சரி. ஒழுகி ஓடினால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள், உள்ளே பசை இருக்காது. ஒரு நாள் முழுக்க விட்டு, பிறகு சூட்டுப் பெட்டியில் நாலு மணி நேரம்.

அடுத்து நடுக்கட்டை. கைப்பிடியைச் செதுக்க ஆசையாக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதே, முதுகுப் பக்கத்து இரண்டு முனையிலும் கை உட்காருகிற 90 மில்லிமீட்டர் மேடைகளை வெட்டிவிட வேண்டும். மேடை தட்டையாக இல்லாமல், வெளி முனையில் ஏழெட்டு மில்லிமீட்டர் நம்மை நோக்கி இறங்க வேண்டும். அட்டையில் ஒரு அச்சு வெட்டி இரண்டு பக்கமும் அதையே வைத்துக் கோடு போடுங்கள். வெட்டிய பிறகு மேடையில் பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, கையை வைத்து அழுத்தி எடுத்துப் பாருங்கள். கையின் அடியில் வெள்ளை ஒட்டின இடம் மட்டும்தான் உண்மையில் தொடுகிறது, மேடையில் அந்த மேட்டை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. திரும்பவும் சுண்ணம், திரும்பவும் அரம். எனக்கு ஒரு மேடைக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆகும், அதில் அவசரப்பட்ட வில்லெல்லாம் அம்பு விடும்போது கையில் டக்கென்று அடித்திருக்கிறது.

நடுக்கட்டையின் வெளி முனையிலிருந்து 45 மில்லிமீட்டர் உள்ளே 8 மில்லிமீட்டர் போல்ட், 75-ல் ஒரு 6 மில்லிமீட்டர் எஃகு ஊசி. போல்ட் இழுப்பைத் தாங்கும், ஊசி கை பக்கவாட்டில் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். மரத்தில் திருகி இறக்குகிற மறை வேண்டாம், நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வயிற்றுப் பக்கத்திலிருந்து பல் வைத்த டி-நட்டைத் தட்டி இறக்குங்கள். நாணின் இழுப்பு கூடக் கூட அது மரத்தை இன்னும் இறுகப் பிடிக்கும். ஓட்டைகளின் உள்சுவரில் எப்பாக்சி தடவ மறக்காதீர்கள், ஈரம் நுழைகிற வழியே அதுதான். போல்ட் தலைக்கடியில் அகலமான வாஷர்.

இரண்டு கையையும் மாட்டி, நுனிக்கு நுனி நூல் கட்டி மேலிருந்து பாருங்கள். நூல் மெர்பாவ் பட்டையின் நடுவில் போக வேண்டும். ஒரு பக்கம் விலகினால், மேடையில் எதிர்ப்பக்கம் ஒரு துண்டுக் காகிதம் வைத்துப் பார்த்து, எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அது சரியான பிறகுதான் கைப்பிடி. நம் உள்ளங்கை உட்காருகிற இடத்தில் ஆழம் 45 மில்லிமீட்டருக்கு வரலாம்; அம்பு உட்காருகிற பக்கத்தை வெட்டும்போது நடுக்கோட்டுக்கு 5 மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

வளைவைச் சீர்பார்ப்பதுதான் நான் இந்த வேலையிலேயே அதிகம் நேசிக்கிற பகுதி. சுவரில் ஒரு கட்டையில் வில்லைக் கிடத்தி, கீழே ஒரு கப்பி வழியாகக் கயிற்றை இழுத்து, நடுவில் தொங்கு தராசு மாட்டுங்கள், தள்ளி நின்று பார்க்கலாம். முதலில் தளர்வான நீள நாண். எந்த நிலையிலும் தராசு 16 கிலோவைத் தாண்டக் கூடாது, அதுதான் நம் 35 பவுண்டு. கொஞ்சம் இழு, பார், எந்த இடம் வளையாமல் விறைத்து நிற்கிறதோ அங்கே வயிற்றில் பென்சில் கோடு போடு, கோடு மறையும் வரை சுரண்டு. நல்ல சுரண்டு தகடு இல்லாவிட்டால் உடைந்த கண்ணாடித் துண்டே போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பாலாவ் சுருள் சுருளாக வராது, பழுப்புத் தூளாக உதிரும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட்டுத்தான் திரும்பப் பார்க்க வேண்டும், மரம் தன் மாற்றத்தை உடனே காட்டாது. மூங்கில் ஓரத்தில் டிக் என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, விரல் நகத்தால் விளிம்பு முழுக்க வருடிப் பாருங்கள். சிலும்பு தட்டினால் தேய்த்து உருட்டிவிட்டுத் தொடரலாம். தோலின் நடுவில் எழும்பியிருந்தால் அந்தக் கை அவ்வளவுதான்.

நாண் ஏற்றிய நிலையில் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவில் ஆறரை அங்குலம் இருக்கட்டும். கீழ்க்கை ஒரு நூலளவு விறைப்பாக இருக்க வேண்டும். மேடை முடிகிற இடத்திலிருந்து நாண் வரை அளந்தால் மேல்கையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அதிகம் வரும். மேல், கீழ் என்று கையின் அடியிலேயே எழுதிவிடுங்கள், மாற்றி மாட்டினால் இவ்வளவு உழைப்பும் வீண். நாணுக்கு டேக்ரான் நூல். அதிகம் நீளாத புதுவகை நூல்கள் மர நுனியைப் பிளந்துவிடும். கடைசியாக பாலியூரிதேன் நாலு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்து லேசாகத் தேய்த்த பிறகு அடுத்தது.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது, விளையாட்டுக்குக்கூட. செம்பனை (பாமாயில் பனை) காட்டைப் பார்த்து எய்யாதீர்கள், ஆள் இல்லை என்று நாம் நினைக்கிற நிரையில்தான் குலை வெட்டுகிறவர் குனிந்து நிற்பார். பின்னால் மண்மேடு இருக்கிற இடமாகப் பாருங்கள். காட்டுப்பன்றி யோசனையும் வேண்டாம், மலேசியாவின் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வேட்டை குற்றம்.

எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் எப்பாக்சி இளகும். என் வில் இப்போது அதே சூட்டுப் பெட்டிக்குள்தான், விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. மாதம் ஒரு தடவை இரண்டு கையையும் எடுத்துத் தராசில் வைக்கிறேன். போன வாரம் மேல்கை 2 கிராம் கூடியிருந்தது, ஒரு ராத்திரி விளக்கைப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அம்புக்கு இறகு ஒட்டிக்கொண்டிருந்தேன்.