இரண்டாவது மானிட்டரில் படம் உடைந்தால் முதலில் டிரைவரைத் தொடாதீர்கள்

பெரம்பூரில் நண்பர் ஒருவரின் மகள் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். லேப்டாப்போடு 27 இன்ச் 4கே மானிட்டர் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தாள். வரைபடத்தைத் திறந்தால் கறுப்புப் பின்னணியில் பச்சைப் புள்ளிகள் மின்னும். சில நேரம் திரை ஒரு நொடி இருண்டுவிட்டுத் திரும்ப வரும்.

"அங்கிள், டிரைவரை மூணு தடவை மாத்தியாச்சு, விண்டோஸே புதுசா போட்டாச்சு, போகவே மாட்டேங்குது" என்றாள். டிரைவர் என்பது கிராஃபிக்ஸ் சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். கடையில் கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது, மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸ் மாற்றியதில் அவள் இரண்டு மாதமாக வரைந்தவை அழிந்துபோயின. அதைக் கேட்டபோதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொன்னேன். அதை லேப்டாப்பின் சொந்தத் திரையில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. படம் கேபிளில் ஏறுவதற்கு முன்னாலேயே ஸ்க்ரீன்ஷாட் பதிவாகிவிடுகிறது. அது சுத்தமாக இருந்தால் சிப் சரியாகத்தான் வரைந்திருக்கிறது. வழியில் எங்கோ கெடுகிறது. அடுத்து மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தினோம். மெனு எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன, அதனால் பேனலும் நன்றாகவே இருக்கிறது. ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதை, 60 ஹெர்ட்ஸிலிருந்து 30க்கு இறக்கியதும் புள்ளிகள் மறைந்தன. கேபிளின் சுமை குறைந்ததும் கோளாறு போய்விட்டது. மிச்சம் இருப்பது கேபிள்தான். அலமாரிக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த ஐந்து மீட்டர் கேபிளை எடுத்துவிட்டு, டிவியில் இருந்த குட்டைக் கேபிளை மாட்டினோம். 60 ஹெர்ட்ஸிலும் கோளாறு இல்லை.

பைசா செலவில்லாத இந்தச் சோதனைகளைச் செய்யாமல் டிரைவரில் கை வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. புள்ளிகளும் கோடுகளும் ஸ்க்ரீன்ஷாட்டிலும் விழுந்தால் அப்போது டிரைவரைப் பாருங்கள். முதலில் கீபோர்டில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் ஃபைல் எதுவும் மூடாது. சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். பிரவுசரில் மட்டும் உடைந்தால் அதன் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் தரும் வசதி) நிறுத்திப் பாருங்கள். மே மாதச் சென்னை மதியத்தில், லேப்டாப்பை மூடி மெத்தைமேல் வைத்துக்கொண்டு பெரிய மானிட்டரில் வேலை செய்கிறவர்கள் காற்றுத் துவாரத்தையும் பார்க்க வேண்டும். சூடேறினாலும் படம் உடையும்.

இன்டெல், என்விடியா என்று இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் இன்னொரு தவறு நடக்கிறது. "இன்டெல்தான் இழுத்துப்பிடிக்கிறது" என்று நினைத்து அதை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிடுகிறார்கள். பல லேப்டாப்களில் உள்திரைக்கு வயர் போவதே அதன் வழியாகத்தான். முடக்கினால் இருக்கிற வேகமும் போய்விடும். எந்த போர்ட் எந்தச் சிப்போடு சேர்ந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிஸிக்ஸ் (PhysX) பக்கத்தைத் திறந்தால், எந்த மானிட்டர் எதில் மாட்டியிருக்கிறது என்று படமாகவே காட்டும். என்விடியா வரைந்த படம் இன்டெல் வழியாக வெளியே போக வேண்டியிருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் நகலெடுக்கப்படும், கொஞ்சம் வேகம் குறையும். போர்ட்டை மாற்றி மாட்டினாலே சில லேப்டாப்களில் இது தீரும். ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்கு எந்தச் சிப் என்பதை டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதியில் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்.

4கே மானிட்டரில் மௌஸ் தள்ளாடினால் உடனே கார்டைக் குறை சொல்லாதீர்கள். ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கேயை 30 ஹெர்ட்ஸில்தான் தரும், 60க்கு 2.0 வேண்டும். எழுத்து மங்கலாக இருந்தால் பெரும்பாலும் காரணம் ஸ்கேலிங் (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு), கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கலர் ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான நிற அளவு).

கேபிளோ அடாப்டரோ வாங்கச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகும்போது லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோங்கள். டைப்-சி ஓட்டை இருக்கிறது என்பதால் மட்டும் அதில் படம் வந்துவிடாது, டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு (அந்த ஓட்டை வழியாகப் படத்தை அனுப்பும் வசதி) இருக்க வேண்டும். சாதாரண யூஎஸ்பியிலிருந்து ஹெச்டிஎம்ஐ தரும் அடாப்டர்கள் பிராசஸரை வைத்துப் படத்தைச் சுருக்கி அனுப்புபவை. எக்செல் ஓடும், முப்பரிமாண மாடல் திணறும். கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீட்டில் எர்த்தையும் பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கி மாட்டினால், லேப்டாப் உடம்பைத் தொடும்போது சுருசுருவென்று இருக்கும். அந்த நிலையில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகிப் பிடுங்கினால் போர்ட்டே எரிந்துபோகலாம். எர்த் சரியாகும்வரை லேப்டாப், மானிட்டர் இரண்டையும் சுவிட்ச்போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் கேபிளைத் தொடுங்கள்.