கூலிங் கிளாஸும் இஞ்ச் டேப்பும் போதும்: கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை வீட்டிலேயே அளக்கலாம்

ஒளி அலை, தான் போகும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. டியூப் லைட்டிலிருந்து வரும் ஒளியில் எல்லாக் குறுக்குத் திசை அதிர்வுகளும் கலந்திருக்கும். அதே ஒளி கண்ணாடியிலோ தண்ணீரிலோ சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது படுக்கைவாட்ட அதிர்வுதான் தூக்கலாக இருக்கும். இதற்குப் பெயர் தளவிளைவு. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படுக்கைவாட்டம் மட்டுமே மிஞ்சும். நாம் தேடப்போவது அந்தக் கோணத்தை. அதிலிருந்து கண்ணாடியின் ஒளிவிலகல் எண், அதாவது கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் அளவு, கிடைத்துவிடும்.

தேவையானவை: போலரைஸ்டு கூலிங் கிளாஸ் (படுக்கைவாட்ட அதிர்வைத் தடுக்கும் வகை), போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய சாதாரணக் கண்ணாடி, கறுப்புச் சார்ட் பேப்பர், இஞ்ச் டேப், ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

படி 1: கூலிங் கிளாஸ் அசல்தானா?

‘போலரைஸ்டு’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதெல்லாம் அப்படி இருப்பதில்லை. லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, கிளாஸை அதன் முன்னால் மெல்லச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு நிலையில் திரை கிட்டத்தட்டக் கறுத்துவிட்டால் அசல். சுழற்றும்போது எந்த மாற்றமும் இல்லையென்றால் அது வெறும் நிறக் கண்ணாடி. தியேட்டரில் கொடுக்கும் 3டி கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றைத் திருப்பி, கண் பக்கம் வெளியே இருக்கும்படி பிடித்தால் இதே வேலைக்கு உதவும்.

படி 2: மேசையைத் தயார் செய்யுங்கள்

வெள்ளைத் திரை போட்ட ஜன்னலுக்கு எதிரே மேசை இருக்கட்டும். திரை அவசியம். நீல வானத்தின் ஒளியே ஓரளவு தளவிளைவு பெற்றது என்பதால், திறந்த ஜன்னல் கணக்கைக் குழப்பும். வெயில் நேராகப் பட்டுப் பளிச்சிடும் இடமும் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. அறை விளக்குகளை அணைத்துவிட்டுக் கறுப்பு அட்டையின் மேல் கண்ணாடியை வையுங்கள். நடுவில் பொட்டை ஒட்டுங்கள்.

படி 3: கோணத்தைப் பிடியுங்கள்

கிளாஸை வழக்கமாக அணிவது போல அணிந்து, ஒரு கண்ணை மூடி, பொட்டைச் சுற்றித் தெரியும் ஜன்னல் பிம்பத்தைப் பாருங்கள். தலையைச் சாய்க்காமல் மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள். ஓர் உயரத்தில் பளபளப்பு சட்டென்று வடிந்து, அடியில் இருக்கும் கறுப்பு அட்டையின் சொரசொரப்புகூடத் தெரிய ஆரம்பிக்கும். அங்கேயே நில்லுங்கள். கிளாஸைக் கழற்றி 90 டிகிரி திருப்பிப் பிடித்தால் பிம்பம் பளிச்சென்று திரும்பி வரும்.

ஒரு நுணுக்கம்: தலையைத் தாழ்த்தினால் பிம்பம் வேகமாகப் பிரகாசமாகும், உயர்த்தினால் நிதானமாக. அதனால் இரண்டு பக்கத்துக்கும் நடுவைக் கணக்கிடாமல், மிக இருண்ட இடத்தையே குறியுங்கள்.

படி 4: அளவு

கண்ணுக்கு நேர் கீழே மேசையில் ஒரு புள்ளி குறித்து, அங்கிருந்து பொட்டு வரை உள்ள தூரத்தை அளக்கவும். மேசையிலிருந்து கண்ணின் உயரத்தையும் அளக்கவும். கூடவே ஒருவர் இருந்தால் இந்த வேலை சுலபம். தூரத்தை உயரத்தால் வகுத்தால் ஒளிவிலகல் எண் வந்துவிடும். தூரம் 60 செ.மீ. என்றால் உயரம் 40 செ.மீ. அளவில் இருக்கும், விடை 1.5. கோணத்தில் 2 டிகிரி தவறினாலே விடை 1.38 முதல் 1.6 வரை ஆடும். எனவே பலமுறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

அடுத்து கறுப்பு நான்-ஸ்டிக் தவாவில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர்ப் பரப்பிலிருந்து அதே 60 செ.மீ. தூரத்துக்குத் தலை 45 செ.மீ. உயரத்துக்குப் போக வேண்டும். விடை 1.33.

ஏன் இப்படி?

ஒளியின் மின்புலம் கண்ணாடியின் அணுக்களில் எலக்ட்ரான்களை ஒரு பக்கம், அணுக்கருவை மறுபக்கம் இழுக்கிறது. ஒவ்வொரு அணுவும் அதிரும் குட்டி மின் இருமுனையாகிவிடுகிறது. திரும்பி வரும் ஒளி இந்த இருமுனைகள் வெளிவிடுவதுதான். ஆனால் எந்த இருமுனையும் தான் அதிரும் கோட்டின் திசையில் ஒளியை அனுப்பாது. எதிரொளித்த கதிரும் உள்ளே விலகிய கதிரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகும் கோணத்தில், செங்குத்துத் தளத்தில் அதிரும் இருமுனைகள் சரியாக எதிரொளிப்புத் திசையை நோக்கியே நிற்கின்றன. அவற்றிலிருந்து நமக்கு எதுவும் வராது. மிஞ்சும் படுக்கைவாட்ட அதிர்வைக் கூலிங் கிளாஸ் தடுத்துவிடுகிறது.

எதிரொளிப்பில் இது நடப்பதை 1808-ல் கண்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் மாலஸ். பாரிஸில் லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்ட மாலை வெயிலை, எதையும் இரண்டாகக் காட்டும் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். இரட்டையாகத் தெரிந்த பிம்பங்கள், படிகத்தைச் சுழற்றும்போது மாறி மாறி மங்கின. கோணத்துக்கும் ஒளிவிலகல் எண்ணுக்கும் உள்ள டேன்ஜன்ட் தொடர்பை 1815-ல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்தின் புரூஸ்டர். கலைடாஸ்கோப்பும் இவர் கைவண்ணமே. நாம் தூரத்தை உயரத்தால் வகுத்தது அந்த டேன்ஜன்ட்தான். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால் கண்ணாடிக்குக் கோணம் சுமார் 56 டிகிரி, தண்ணீருக்கு 53.

இன்னும் இரண்டு சோதனைகள்

எவர்சில்வர் தட்டை வைத்துப் பாருங்கள். எந்தக் கோணத்திலும் பளபளப்பு முழுதாகப் போகாது. உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் இருப்பதால் அதன் கணக்கு வேறு. பிறகு காலையில், சூரியன் கிழக்கே தாழ்ந்திருக்கும்போது, தலைக்கு நேர் மேலே உள்ள நீலத்தைக் கிளாஸைச் சுழற்றியபடி பாருங்கள், சூரியன் பக்கம் திரும்பாமல். காற்று மூலக்கூறுகளும் இருமுனைகளாக அதிர்ந்துதான் ஒளியைச் சிதறடிக்கின்றன. வானம் இருண்டு வெளுக்கும். மேகத் துண்டு ஏதாவது குறுக்கே வந்தால் அதில் பெரிய மாற்றம் இருக்காது.