ஊதா மறைய வேண்டும், பாக்டீரியா சாகக் கூடாது: கிராம்புச் சாறு சோதனை

குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியா கூட்டமாகச் சேர்ந்த பிறகுதான் ஊதா நிறம் காட்டும். ஒவ்வொரு செல்லும் கசியவிடும் சமிக்ஞை மூலக்கூறு போதிய அளவு சேர்ந்ததும் வயலசீன் என்ற ஊதா நிறமியின் உற்பத்தி தொடங்கும். இதுதான் கோரம் சென்சிங். மூலிகைச் சாறு இந்தப் பேச்சைக் கெடுத்தால் ஊதா குறையும். செத்த பாக்டீரியாவும் ஊதா தராது என்பதுதான் சிக்கல்; பலரும் சறுக்குவது இங்கேதான்.

கிராம்புத் தூள் 10 கிராமை 100 மி.லி. மெத்தனாலில் 24 மணி நேரம் ஷேக்கரில் வைத்து வடிகட்டுங்கள். மெத்தனாலை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டர் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம், கிராம்பின் முக்கியப் பொருளான யூஜெனாலும் ஆவியாகிவிடும். மிஞ்சும் பிசினை டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் மி.லி.க்கு 100 மி.கி. வீதம் கரையுங்கள்.

முதலில் 96 குழித் தட்டில் இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய், வளர்ச்சியை நிறுத்தும் குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடியுங்கள். கிராம்பின் ஆவி பக்கத்துக் குழியையும் தாக்கும். தட்டை ஒட்டுத்தாளால் மூடுங்கள், கன்ட்ரோலை (சாறு சேர்க்காத, ஒப்பிடுவதற்கான குழியை) தள்ளி வையுங்கள். கிடைத்த அளவில் பாதி, கால், அரைக்கால் பங்குகளே சோதனைக்கு.

இந்த பாக்டீரியாவின் ஏடிசிசி 12472 ரகத்தை 50 மி.லி. குடுவையில், அந்தப் பங்குச் சாறு சேர்த்த 5 மி.லி. எல்பி பிராத்தில் (பாக்டீரியா வளர்க்கும் திரவ ஊடகம்), 30 டிகிரியில், 24 மணி நேரம் ஆட்டி வளர்க்கவும். குழாயை நிரப்பி அசையாமல் வைத்தால் ஆக்சிஜன் போதாமல் சாறே இல்லாமலும் வெளிறும். கன்ட்ரோலிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்கட்டும், 1 சதவீதத்துக்குள்.

1 மி.லி. எடுத்து 13,000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரைக் கொட்டுங்கள். அடியில் படிந்த பெல்லட்டில் 1 மி.லி. டிஎம்எஸ்ஓ விட்டு வோர்டெக்ஸ் செய்து மறுபடி சுழற்றுங்கள். அடியில் ஊதா ஒட்டியிருந்தால் இன்னொரு முறை. தெளிந்த கரைசலை 585 நானோமீட்டரில் அளக்கவும்.

உயிரோடு இருப்பதைக் காட்ட 600 நானோமீட்டர் ஓடியை (OD, கலங்கலை வைத்து வளர்ச்சியைக் கணிக்கும் ஒளி அளவு) நம்ப வேண்டாம், சாற்றின் நிறமும் கலங்கலும் அதை ஏற்றிவிடும். நீர்த்துத் தட்டில் பரப்பிக் காலனி எண்ணுங்கள். எண்ணிக்கை கன்ட்ரோலை ஒட்டியிருந்து ஊதா மட்டும் இறங்கினால்தான் கணக்கு. பிஎச்சையும் பாருங்கள்: காரத்தில் சமிக்ஞையின் லாக்டோன் வளையம் தானே உடையும்.

இந்த பாக்டீரியா மனிதருக்கு அரிதாகவே தொற்றும், தொற்றினால் உயிரையே பறிக்கலாம். வீட்டில் முயலாதீர்கள். பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் வேலை செய்து, எல்லாவற்றையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே கொட்டுங்கள்.